தொட்டுக் கற்றவர்களும் தொடக்கூடாதவர்களும்: விளையாட்டுப் பொருட்களின் வேறொரு வரலாறு

பிளாஸ்டிக் வேண்டாம், மரம் வேண்டும். பேட்டரியில் பாடும் கரடி வேண்டாம், துணிப் பொம்மை போதும். குழந்தையின் கற்பனைக்கு இடம் விடும் பொருளைத்தான் வாங்க வேண்டும். நகரத்து இளம் பெற்றோர்களிடையே இந்தப் பேச்சு இப்போது அதிகம். தவறான பேச்சு இல்லை. ஒரு மரக்கட்டை இன்று வீடாகும், நாளை பேருந்தாகும், நாளை மறுநாள் மாடாகும். பித்தானை அழுத்தினால் பாடும் பொம்மைக்கு அந்தத் திறமை கிடையாது.

ஆனால் இந்த 'இயற்கை விளையாட்டுப் பொருட்கள்' விற்கப்படும் விதத்தைக் கவனியுங்கள். மாண்டிசோரி என்ற பெயர் ஒட்டிய ஒரு மரப்பெட்டியின் விலை, விவசாயக் கூலி வேலைக்குப் போகும் நம் அம்மாக்களின் பல நாள் கூலியை விழுங்கிவிடும். இது ஏதோ படித்தவர்களின், பணக்காரர்களின் கண்டுபிடிப்பு என்றும், நாம்தான் மெல்லக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு பொதுப்புத்தி உருவாகியிருக்கிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தப் பொருட்களில் பெரும்பாலானவை முதலில் யார் கைகளில் இருந்தன என்று பார்ப்போம்.

ஒரு குடியிருப்பும் ஒரு சிகரெட் ஆலையும்

தொடக்கம் ஜெர்மனியில். ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். முதலில் கம்பளி நூலால் ஆன பந்துகள். பிறகு மரத்தாலான உருண்டை, உருளை, கனசதுரம். 1840-ல் தன் அமைப்புக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார். குழந்தை விளையாடித்தான் கற்கிறது என்று சொன்னதில் என்ன ஆபத்து? ஆனாலும் 1851-ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகத்தையும் சோசலிசத்தையும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே ஃபிரோபெல் இறந்துபோனார். தடை 1860-ல்தான் நீங்கியது. மரக்கட்டைகளைக் கண்டு ஓர் அரசு பயந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

அடுத்தது ரோம் நகரம். சான் லோரன்சோ என்பது உழைக்கும் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே ஒரு கட்டட நிறுவனம் குடியிருப்புகளைச் சீரமைத்தது. பெற்றோர் வேலைக்குப் போன பிறகு குழந்தைகள் சுவரைக் கிறுக்குகிறார்கள், படிக்கட்டுகளைச் சேதப்படுத்துகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் கவலை. அவர்களை ஓர் அறையில் உட்கார வைக்க ஆள் தேவைப்பட்டது. மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் அந்தப் பொறுப்பை ஏற்றார். 1907 ஜனவரி 6 அன்று 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தான் முன்பு பயன்படுத்திய பொருட்களை அங்கே கொண்டுவந்தார். ஆக, இன்று அழகான கடைகளில் இருக்கும் அந்த மர உருளைகள், முதலில் ஒதுக்கப்பட்ட குழந்தைகளின் கையிலும் பிறகு குடிசைப் பகுதிக் குழந்தைகளின் கையிலும் இருந்தவை.

மாண்டிசோரி எழுதிய ஒரு நிகழ்ச்சி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒருநாள் மூக்கைச் சிந்துவது எப்படி என்று அந்தக் குழந்தைகளுக்குப் பொறுமையாகச் செய்து காட்டினார். முடித்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். அவருக்கு ஆச்சரியம். பிறகு புரிந்தது: மூக்கு ஒழுகுகிறது என்று இந்தக் குழந்தைகளை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள், அவமானப்படுத்தியிருக்கிறார்கள். ஒருவர்கூட அதை மரியாதையோடு சொல்லிக் கொடுத்ததில்லை.

மூன்றாவது, முகம் வரையப்படாத துணிப் பொம்மைகளுக்குப் பெயர்போன வால்டார்ஃப் முறை. ருடால்ஃப் ஸ்டெய்னர் 1907-லேயே எழுதினார்: ஒரு துணியை மடித்துக் கட்டி, கண்ணுக்கும் வாய்க்கும் புள்ளி வைத்துக் கொடுங்கள், மீதியைக் குழந்தையின் மனம் நிரப்பிக்கொள்ளும் என்று. அவருடைய முதல் பள்ளி 1919 செப்டம்பரில் ஸ்டட்கார்ட் நகரில் திறக்கப்பட்டது. 'வால்டார்ஃப்-அஸ்டோரியா' என்பது அங்கிருந்த சிகரெட் ஆலையின் பெயர். ஆலை உரிமையாளர் எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத்தான் அந்தப் பள்ளியைக் கேட்டார். முதலில் சேர்ந்த 256 மாணவர்களில் பெரும்பாலானவர்கள் ஆலைத் தொழிலாளர்களின் பிள்ளைகள். இனங்களை மேல் கீழாக வரிசைப்படுத்தும் கருத்துகளும் ஸ்டெய்னரிடம் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. துணிப் பொம்மையை எடுத்துக்கொள்வோம், அந்த ஏணியை வேண்டாம் என்போம்.

அடையாறுக்கு வந்த முறை

1939 நவம்பரில் மாண்டிசோரி சென்னைக்கு வந்தார். அழைத்தது பிரம்மஞான சபை. அடையாறில் நடந்த முதல் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கிலேய அரசுக்கு அவர் எதிரி நாட்டுக் குடிமகளானார். மகன் மரியோவைச் சிறை வைத்தார்கள், பிறகு விடுவித்தார்கள். கொடைக்கானலில் தங்கியிருந்த ஆண்டுகள் உட்பட, 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருந்தார்.

இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் அதே அடையாறின் இன்னொரு கதையைச் சொல்வதில்லை. 1894-ல் கர்னல் ஆல்காட் அங்கே பஞ்சமர் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அது நம் வரலாற்றில் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒன்று. ஆனால் அவருக்குப் பின் சபைத் தலைவரான அன்னி பெசன்ட், 1909 பிப்ரவரியில் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். காரணமாக அவர் சொன்னது அந்தக் குழந்தைகளின் உடல் நாற்றத்தை, தலைமுறை தலைமுறையாக அவர்கள் சாப்பிட்ட உணவை. அண்ணல் அம்பேத்கர் 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன' என்ற நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1907-ல் ரோமில் ஒரு பெண், ஏழைக் குழந்தைகளின் ஒழுகும் மூக்கைப் பார்த்து, இவர்களை அவமானப்படுத்தியது யார் என்று கேட்கிறார். இரண்டே ஆண்டுகளில் சென்னையில் இன்னொரு பெண், ஏழைக் குழந்தைகளின் உடலைப் பார்த்து, இவர்களைத் தனியே வையுங்கள் என்கிறார். முன்னவர் உருவாக்கிய முறை, முப்பது ஆண்டுகள் கழித்துப் பின்னவரின் வளாகத்துக்கே வந்து சேர்ந்தது. வந்த பிறகு அது யாருடைய குழந்தைகளுக்குப் போனது? கட்டணம் கட்ட முடிந்தவர்களின் குழந்தைகளுக்கு. நகரங்களில் இன்றைக்கும் அதுதான் பெரும்பாலும் நிலைமை.

இதில் வெறும் பணப் பிரச்சினை மட்டும் இல்லை. மாண்டிசோரி முறையின் அடிப்படையே தொடுதல். விரலால் தடவி எழுத்தைக் கற்பது, கையால் தூக்கி எடையை உணர்வது. குழந்தையின் மூளைக்குக் கைதான் வாசல் என்று நம்பும் ஒரு முறை, தொடுதலைக் குற்றமாக்கிய நாட்டுக்கு வந்தது. அந்த நாட்டில் ஒரு குழந்தைக்குப் பள்ளி எதைக் கொடுத்தது என்பதற்கு 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலே சாட்சி. சதாராப் பள்ளியில் சிறுவன் பீமராவ் மற்ற மாணவர்களோடு உட்கார முடியாது. மூலையில் ஒரு சாக்குத் துண்டு. பள்ளியைத் துப்புரவு செய்யும் வேலையாள்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். எனவே தினமும் மாலை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழாயைத் தானே திறக்கக் கூடாது, பியூன் திறந்தால்தான் தண்ணீர். அந்தச் சாக்கும் இயற்கைப் பொருள்தான். சணல். பொருள் எதனால் ஆனது என்பதை வைத்து மட்டும் அது நல்லதா என்று சொல்லிவிட முடியாது.

முற்றத்துக்குப் போன பள்ளி

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் இருந்தார்கள். தாராபாய் மோடக் (1892–1973), குஜராத்தில் கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து மாண்டிசோரி முறையைப் பரப்பியவர். 1926-ல் இருவரும் 'நூதன் பால் சிக்ஷண் சங்கம்' தொடங்கினார்கள். நகரத்துக் குழந்தைகளுக்குப் பயன்பட்ட அந்த விலை உயர்ந்த கருவிகள் கிராமத்துக்கு ஆகாது என்று கண்டுகொண்டு, 1945-ல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டிக்குப் போனார். அனுதாய் வாக் அங்கே அவரோடு சேர்ந்தார்.

அவர்களுடைய கருவிகள் எவை? கிளிஞ்சல், கூழாங்கல், விதை, இலை, குச்சி. எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை போதாதா? சிறியது பெரியது பிரிக்கக் கூழாங்கல் போதாதா? ஐரோப்பிய மரப்பெட்டி செய்யும் வேலையைக் கடற்கரையும் காடும் செய்தன. இதைச் சிக்கனம் என்று மட்டும் பார்க்கக் கூடாது. உன் வீட்டைச் சுற்றிக் கிடப்பதும் அறிவுதான் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்வது அது.

இன்னொன்றும் செய்தார்கள். ஊர் நடுவில் இருக்கும் பால்வாடிக்கு விளிம்பில் வாழும் குழந்தைகள் வருவதில்லை. எனவே பள்ளியை அந்தக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். முற்றத்துக்கு அங்கே 'அங்கன்' என்று பெயர். பிறகு கோஸ்பாட் மலைப் பகுதியில், மாடு மேய்க்கும் பழங்குடிச் சிறுவர்களுக்காக மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடத்தினார்கள். 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதன் மையத்துக்குக் கிடைத்த பெயர் அங்கன்வாடி. இன்று சத்துமாவு என்றால் நினைவுக்கு வரும் அந்த இடம், விளையாட்டுப் பள்ளியாகக் கனவு காணப்பட்ட இடம்.

'மண்ணில் விளையாடினோம்' என்ற ஏக்கம்

நுங்கு வண்டி, பனையோலைக் காற்றாடி, கிலுகிலுப்பை, களிமண் சொப்பு, புளியங்கொட்டைத் தாயம். இவையெல்லாம் நம்முடைய இயற்கை விளையாட்டுப் பொருட்கள். இவற்றைப் பற்றி இப்போது ஏக்கத்தோடு நிறைய எழுதுகிறார்கள். எனக்கும் அவை பிடிக்கும். ஆனால் அந்த ஏக்கத்தில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது.

நம் தாத்தா பாட்டிகள் களிமண்ணில் மாடு செய்தது ஆண்டையின் மாட்டை மேய்த்துக்கொண்டிருந்தபோது. பலர் பள்ளிக்கூட வாசலையே பார்க்கவில்லை. பனையோலையை இறக்கியவர் ஒரு சாதி, பானையை வனைந்தவர் ஒரு சாதி, பறைக்குத் தோல் இழுத்துக் கட்டியவர் ஒரு சாதி. இந்தக் கைத்திறன்களெல்லாம் இழிவாகப் பார்க்கப்பட்டன. இன்று அதே ஓலையும் மண்ணும் 'கைவினை' என்ற பெயரில் கண்ணாடிப் பெட்டியில் ஏறும்போது, செய்த கைகளின் பெயர் கூடவே ஏறுவதில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாகத் தெருவில் விளையாடினோம் என்பதும் முழு உண்மை இல்லை. எந்தத் தெருவில்? 'சேரிப் பிள்ளைகளோடு சேராதே' என்ற குரல் அந்த விளையாட்டுகளுக்கு நடுவேதான் கேட்டது.

இன்று என்ன செய்யலாம்

களப்பணியில் நான் பார்த்த அங்கன்வாடிகள் சிலவற்றில் விளையாட்டுப் பொருட்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்று பயப்படும் ஊழியரைக் குறை சொல்லிப் பயனில்லை. உணவு, எடை, பதிவேடு, கணக்கெடுப்பு என்று அத்தனை வேலையையும் குறைந்த ஊதியத்துக்கு ஒரே பெண்ணின் தலையில் சுமத்தியது அரசு. தொடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் தொட முடியாமல் கிடப்பதற்கு அதுவே காரணம். இன்னொன்றும் பார்க்கிறேன்: சில ஊர்களில் ஊருக்கு ஓர் அங்கன்வாடி, காலனிக்கு ஓர் அங்கன்வாடி. முற்றத்துக்கே போவது என்ற நல்ல யோசனையைச் சாதி தனக்கு வசதியாகத் திருப்பிக்கொண்ட இடம் இது.

ஆகவே, பொறுப்போடு குழந்தை வளர்க்க நினைக்கும் பெற்றோர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். மரமும் துணியும் மண்ணும் கொடுங்கள், நல்லது. விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. கொட்டாங்குச்சியும் கூழாங்கல்லும் அதே வேலையைச் செய்யும். கைவினைப் பொம்மை வாங்குகிறவர்கள், அதைச் செய்தவருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

நம் தோழர்களுக்கு: 2004-ல் உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில், பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் அங்கன்வாடி அமைக்க முயற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2006 டிசம்பரில் இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அமைக்க வேண்டும். உங்கள் காலனியில் குழந்தைகளை எண்ணுங்கள். மனு எழுதுங்கள். அங்கன்வாடி இருந்தால் உள்ளே போய், பீரோ திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பொம்மை மரமா பிளாஸ்டிக்கா என்பது இரண்டாவது கேள்விதான். அந்தப் பொம்மையை உங்கள் குழந்தை யாரோடு பகிர்ந்து விளையாடுகிறது என்பது முதல் கேள்வி. சாதி இல்லாத ஒரு தெருவைக் கற்பனை செய்யக்கூடிய குழந்தைகள் நமக்கு வேண்டும். அதற்கு எல்லாக் குழந்தைகளின் கைகளும் ஒரே மண்ணில் படவேண்டும்.