ஆக்ஸிமீட்டர் 98 காட்டினால் எல்லாம் ஓகேவா? அந்த நம்பருக்குத் தெரியாத சில விஷயங்கள்!

கொரோனா நேரத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இன்னமும் பல வீடுகளில் மருந்து டப்பாவுக்குள் கிடக்கிறது. தாத்தாவுக்கு மூச்சு வாங்கினால் எடுத்து விரலில் மாட்டுகிறோம். 98 காட்டினால், 'ஒண்ணும் இல்ல, வெறும் கேஸ்தான்' என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அந்த நம்பர் சரிதான். ஆனால், அதை நம்பினால் உயிருக்கே ஆபத்தாகும் சில சூழல்களும் இருக்கின்றன. எப்போது என்பது புரிய, கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

இது ரத்தத்தைத் தொடுவதே இல்லை, வெளிச்சத்தைத்தான் பார்க்கிறது. கிளிப்பின் ஒரு பக்கம் இரண்டு குட்டி எல்.இ.டி. ஒன்று 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. எதிர்ப்பக்கம் சென்சார். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் தடுக்காது. அகச்சிவப்பைத்தான் கூடுதலாக விழுங்கும். ஆக்ஸிஜன் இல்லாத ஹீமோகுளோபின் அப்படியே தலைகீழ். எந்த ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்பதை வைத்துப் பொருளை அடையாளம் காண்பதுதான் ஸ்பெக்ட்ரோஸ்கோபி. பெரிய ஆய்வகங்களில் நடக்கும் அதே வேலையின் மினி வெர்ஷன் இது.

சரி, தோலும் எலும்பும்கூட ஒளியைத் தடுக்குமே? இதற்கு வழி கண்டுபிடித்தவர், ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனப் பொறியாளர் டகுவோ அவோயாகி. 1970-களின் தொடக்கத்தில், இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதைக் காதில் ஒளி செலுத்தி அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையையே அவர் பிடித்துக்கொண்டார். துடிப்போடு ஏறி இறங்குவது தமனி ரத்தம் மட்டும்தான். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் தோல், எலும்பு எல்லாம் கணக்கிலிருந்து கழன்றுவிடும். 1974-ல் இதை வெளியிட்டார். உலகமே ஆக்ஸிமீட்டரைத் தேடி அலையத் தொடங்கிய 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார்.

சென்சார் தருவது இரண்டு ஒளிகளின் விகிதத்தை மட்டுமே. அதை 98 ஆக்குவது சாஃப்ட்வேர். ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, கூடவே அவர்கள் ரத்தத்தையும் சோதித்து, 'இந்த விகிதம் என்றால் இத்தனை சதவிகிதம்' என்று தயாரித்த அட்டவணை அதற்குள் இருக்கிறது. ஆக, ஸ்க்ரீனில் தெரிவது ஒரு மதிப்பீடு.

கார்பன் மோனாக்சைடு: ஏமாறும் கருவி

ஜெனரேட்டர் புகை, அறைக்குள் வைத்த கரி அடுப்பு, ஜன்னல் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசர்... இவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், 660 நானோமீட்டர் ஒளியில் அது கிட்டத்தட்ட ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் போலவே தெரியும். இரண்டு ஒளி மட்டுமே தெரிந்த கருவி என்ன செய்யும்? உடல் ஆக்ஸிஜன் இல்லாமல் திணறும்போதும் கூலாக 98 காட்டும்.

பஸ் உதாரணம் சொன்னால் எளிது. சீட் எல்லாம் ஃபுல் என்று கண்டக்டர் சொல்கிறார். உட்கார்ந்திருப்பது டிக்கெட் எடுத்தவரா, ஓசியில் ஏறியவரா என்று அவர் பார்ப்பதே இல்லை.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். குளிர்ப் பிரதேசங்களில் கரி அடுப்பைப் பக்கத்தில் வைத்துத் தூங்கியவர்கள் இறப்பதும் இப்படித்தான். ஒரே அறையில் இருந்த எல்லோருக்கும் தலைவலி, தலைசுற்றல், வாந்தி என்றால், 'நேத்து சாப்பிட்ட பிரியாணிதான்' என்று முடிவு கட்டாதீர்கள். முதலில் வெளியே வந்துவிடுங்கள். மருத்துவமனையில் 'ரூம்ல ஜெனரேட்டர் ஓடிச்சு' என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கோ-ஆக்ஸிமீட்டர் என்ற, பல அலைநீளங்களில் பார்க்கும் கருவியில் ரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. அனிலின், நைட்ரோபென்சீன் போன்ற தொழிற்சாலை ரசாயனங்களும் டாப்ஸோன் மாத்திரையும் சிலருக்கு ஹீமோகுளோபினையே மாற்றிவிடும். மெத்ஹீமோகுளோபின் எனப்படும் இது இரண்டு ஒளியையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால், பாதிப்பு கூடக்கூட ரீடிங் 85 பக்கம் போய் நின்றுவிடும். ஆக்ஸிஜன் கொடுத்தாலும் ஏறாது.

நிறமும் ஒரு சிக்கல்

2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு பலரை அதிரவைத்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையினத்தவரில் 3.6%, கறுப்பினத்தவரில் 11.7%. காரணம் புரியாமல் இல்லை. அமெரிக்க எஃப்.டி.ஏ-வின் 2013 வழிகாட்டுதல்படி, 10 பேரை வைத்துச் சோதித்தாலே போதும். அதில் அடர்நிறத் தோல் கொண்டவர்கள் 2 பேர் இருந்தால் சரி. 2025 ஜனவரியில் வந்த வரைவு இதை 150 பேர் என்று உயர்த்தச் சொல்கிறது. நம்ம ஊர் நிறங்களை நினைத்தால், இது ரொம்ப லேட்.

ரத்தசோகையையும் இந்தக் கருவி சொல்லாது. 10 பஸ் ஓட வேண்டிய ரூட்டில் 5 பஸ்தான் ஓடினாலும், சீட் ஃபுல் என்றால் 99 காட்டிவிடும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு-5. சோர்வாக இருந்தால் ஆக்ஸிமீட்டர் வேண்டாம், ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்கள்.

கேமராவில் விரல் வைத்தால் ஆக்ஸிஜன் சொல்லும் ஆப்? டெலிட் பண்ணிடுங்க. போன் ஃப்ளாஷ் வெள்ளை ஒளி. கேமராவோ அகச்சிவப்பை ஃபில்டர் போட்டுத் தடுக்கும். நாடித்துடிப்பு வரை ஓகே, அதற்கு மேல் நம்ப முடியாது. தனி சென்சார் வைத்திருந்த சில பழைய சாம்சங் மாடல்கள் மட்டும் வேறு ரகம்.

கிளிப் ஆக்ஸிமீட்டரில் பார்க்கும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டு, குளிர்ந்த கையைத் தேய்த்துச் சூடாக்கி, கையை ஆட்டாமல் உட்காருங்கள். முதலில் வரும் நம்பரை விட்டுவிட்டு, ஒரு நிமிடம் கழித்து நிலையாக நிற்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரால் ஒரு வாக்கியத்தைக்கூட மூச்சு வாங்காமல் பேச முடியவில்லை என்றால், கிளிப்பைத் தேடாமல் 108-க்கு போன் போடுங்கள்.