சேலை கட்டிய ரவிவர்மா படங்கள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும் சாமி படங்களில் ஒரு வகை தனித்து நிற்கும். ஓவியர் ரவிவர்மா வரைந்து அச்சில் வந்த லட்சுமிதான், ஆனால் அவள் உடுத்தியிருப்பது நிஜத் துணி. அச்சில் உள்ள சேலையின் மடிப்பைப் பிசகாமல் பின்பற்றி, பட்டுத்துண்டை வெட்டி ஒட்டி, கரைக்கு ஜரிகை வைத்து, ஒட்டியாணத்துக்கும் கிரீடத்துக்கும் சமிக்கியும் மணியும் வீட்டுப் பெண்கள் பதித்திருப்பார்கள். முகம், கை, பாதம் மட்டும் அச்சில் வந்தபடியே இருக்கும். பழைய விளம்பரப் படங்களோடு துணியும் மணியும் சேர்த்து ஆன்மிகத்தைப் பேசும் கலைக்கு இன்று காட்சிக்கூடங்களில் மதிப்பு இருக்கிறது. அந்தக் கலையின் வரலாற்றை இந்த வீட்டு வேலைப்பாட்டிலிருந்து தொடங்குவதுதான் முறை.

இந்தப் படங்கள் பிறந்ததே வணிகத்துக்காக. ஓவியங்களை அச்சுப்படமாக்கி நாடெங்கும் பரப்பும்படி ரவிவர்மாவுக்கு யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ். 1894-இல் பம்பாயில் ரவிவர்மாவின் லித்தோ அச்சகம் தொடங்கியது. பிறகு லோனாவாலா அருகே மளவ்லிக்கு இடம் மாறி, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியத் தொழில்நுட்ப வல்லுநர் ஷ்லைக்கரின் கைக்குப் போயிற்று. இதே காலத்தில் மான்செஸ்டர் வியாபாரிகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் லட்சுமியும் கிருஷ்ணனும் அச்சிட்ட வண்ணச் சீட்டுகளை ஒட்டினார்கள். துணி தீர்ந்த பிறகும் சீட்டைக் குப்பையில் போட மனம் வராமல் சுவரில் ஒட்டி வைத்தவர்கள் உண்டு. சோப்பு, குழந்தை உணவு, கிரைப் வாட்டர் கம்பெனிகள் சாமி படத்தின் கீழே தம் பெயரைப் போட்டுக் காலண்டராகக் கொடுத்தன. வருடம் முடிந்ததும் தேதித்தாளையும் கம்பெனி பெயரையும் கத்தரித்துவிட்டு, படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பூஜையில் வைப்பது நம் வீடுகளில் சாதாரண வழக்கம். எது சரக்கு, எது சாமி என்ற தீர்ப்பை அந்தக் கத்தரிக்கோல் கொடுத்தது.

சாமி காலண்டர்களை அச்சடித்த சிவகாசியின் கதை இதைவிடக் கனமானது. கோவில் நுழைவு உரிமைக்காக நாடார்கள் நடத்திய போராட்டத்தை ஒட்டி 1899-இல் அந்த ஊரில் பெருங்கலவரம் மூண்டது. கமுதி கோவில் நுழைவு வழக்கில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் சிவகாசியில் தொழிற்சாலை வைத்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த லித்தோ அச்சு பின்னர் சாமி காலண்டருக்கும் பயன்பட்டது. ரமணாசிரமத்தில் தங்கியிருந்து, நாடக மேடைக்குத் திரை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் குடியேறிய கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அந்தக் காலண்டர்களுக்கு வரைந்தார்கள். கோவிலுக்குள் விடமாட்டோம் என்று தடுக்கப்பட்ட சமூகம், நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சாமியை அச்சடித்து அனுப்பியது. விளம்பரம் என்ற சொல்லோடு மட்டும் இதை முடித்துவிட முடியாது.

பக்தியைச் சரக்காக்கியதுதானே இந்த வியாபாரம் என்று கேட்பார்கள். ஆக்கியது உண்மைதான். கம்பெனிகளின் நோக்கம் விற்பனை, அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் வீட்டுக்குள் நுழைந்தபின் அதன் கதியை முடிவு செய்தது கம்பெனி அல்ல. துணியும் சமிக்கியும் வெறும் அலங்கார மோகம் என்பது இன்னொரு மறுப்பு. அப்படியானால் முகத்திலும் ஒரு சமிக்கி ஏறியிருக்க வேண்டாமா? எதை மூடுவது, எதைத் திறந்து விடுவது என்பதில் ஒரு நியதி இருக்கிறது. கருவறையில் வெள்ளிக் கவசமும் பட்டும் சாத்தும்போது அர்ச்சகர் காக்கும் நியதிக்கு நெருக்கமானது அது. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வந்த படத்தை, இந்த வீட்டின் லட்சுமி என்று ஆக்கியது அந்தக் கைவேலை. கண்ணாடிக்கல்லும் தங்கத்தாளும் பதிக்கும் தஞ்சாவூர் ஓவியம் ஏற்கெனவே கண்ணுக்குப் பழகியிருந்ததால், இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

1960-களில் ஓவியர் பூபேன் கக்கர் மலிவு விலைச் சாமி படங்களை வெட்டி ஒட்டிப் படைத்த ஆக்கங்கள் இந்திய நவீனக் கலை வரலாற்றில் இடம் பெற்றுவிட்டன. அது நியாயமே. அவருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே பட்டுத்துண்டை வெட்டி ஒட்டிய பெண்களில் ஒருவர் பெயரைக்கூட அந்த வரலாறு சொல்வதில்லை. இது பெரிய குறை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு படம் இருந்தால் அதை விற்றுவிடாதீர்கள், கழுவித் துடைக்கவும் வேண்டாம். வேலை செய்தவர் ஆச்சியோ அத்தையோ, பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள்.