32 போர் பிஸ்டல்: வைத்திருந்தவர்கள் சொன்னது

நம் பக்கத்தில் துப்பாக்கி என்றாலே நாட்டுத் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்த மருந்துத் துப்பாக்கிகளை எல்லோரும் அறிவோம். லைசென்ஸ் இல்லாததை ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசார் ஊர் ஊராகச் சொல்வார்கள். ராத்திரியோடு ராத்திரியாக யாராவது புதரோரம் போட்டுவிட்டுப் போவதும் உண்டு.

நான் இன்று எழுதப் போவது அதைப் பற்றி அல்ல. முறையாக லைசென்ஸ் வாங்கி, பீரோவில் பூட்டி வைத்திருக்கும் பிஸ்டலைப் பற்றி. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் இந்த லைசென்ஸ் மனுக்களின் விசாரணைக் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகும். 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன் எல்லாம் தருமபுரிக்குப் போகும். மனு கொடுத்தவர்கள், பிறகு புதுப்பிக்க வந்தவர்கள் என்று பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னதையும், இந்தச் சாமான் இங்கே வந்த கதையையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு வித்தியாசம். ரிவால்வரில் குண்டுகள் சுழலும் உருளைக்குள் இருக்கும். பிஸ்டலில் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் இருக்கும். ஒரு முறை சுட்டதும் காலித் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி, அடுத்ததைத் தானே உள்ளே ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒரு முறை இழுக்க வேண்டும் என்பதால்தான் பாதித் தானியங்கி என்கிறார்கள்.

இந்த வகையைச் சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில் செய்து வெற்றி கண்டவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். பெல்ஜியத்தில் ஹெர்ஸ்டல் என்ற ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை அவருடைய 1900-ஆம் ஆண்டு மாடலைச் செய்து விற்றது. 32 போர் என்று நாம் சொல்லும் தோட்டா அந்த மாடலோடு பிறந்ததுதான். பெல்ஜியத்துப் பிரௌனிங் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலும் இருக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட வாஞ்சிநாதன் கையில் வைத்திருந்தது ஒரு பிரௌனிங் தானியங்கிப் பிஸ்டல். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டதும் அதே பிஸ்டலால்தான்.

வெள்ளைக்காரன் 1878-லேயே ஆயுதச் சட்டம் போட்டு, லைசென்ஸ் இல்லாமல் பெரும்பாலான இந்தியர் துப்பாக்கி தொடக்கூடாது என்று வைத்துவிட்டான். 1931 கராச்சி காங்கிரஸ் மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இருந்தது. சுதந்திரம் வந்தபின் அரசியல் சாசனத்தில் அது இடம்பெறவில்லை. 1959-ல் நிறைவேறி 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டமும் லைசென்ஸ் முறையைத்தான் தொடர்ந்தது.

இராணுவமும் போலீசும் பயன்படுத்தும் அளவுகள், உதாரணமாக 9 எம்.எம்., 38 போர் இவையெல்லாம் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. சர்க்கார் தோட்டா வெளியே கசிந்தாலும் வெளித் துப்பாக்கிக்கு உதவக்கூடாது என்ற கணக்கு. அதனால்தான் நம் ஊரில் கைத்துப்பாக்கி என்றால் 32 போர், மிஞ்சிப் போனால் 22 போர்.

1980-களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதும் அடைபட்டது. ஏற்கெனவே உள்ளே வந்திருந்த பழைய வெப்ளி, வால்தர், பிரௌனிங் எல்லாம் கைமாறிக் கைமாறிப் பல லட்சம் விலைக்குப் போயின. மற்றவர்களுக்கு மிஞ்சியது அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் சரக்குதான். கான்பூரில் செய்யும் 32 போர் ரிவால்வர் ஒன்று. அஷானி என்ற 32 போர் பிஸ்டல் மற்றொன்று. இடியைக் குறிக்கும் அசனி என்ற சொல் நம் பழைய தமிழிலும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கோடு பார்த்தால் விலை குறைவு. ஆனால் மற்ற நாடுகளில் அந்தப் பணத்துக்கு இதைவிட நயமானது கிடைக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். போட்டி இல்லாத கடை அப்படித்தான்.

வைத்திருந்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அடகுக் கடை நடத்திய ஒருவர் பிஸ்டல் கட்சி. "சார், ரிவால்வர் இடுப்பில் வைத்தால் உருளை துருத்திக்கொண்டு ஊருக்கே தெரியும். இது தட்டையாக இருக்கிறது. குண்டும் ஒன்றிரண்டு கூட. மேகசினை மாற்றினால் வேலை முடிந்தது" என்பார். குறையும் அவரே சொல்வார். கனம் அதிகம், ஓரங்களில் முடிப்பு சுத்தமில்லை, விசை கடினம்.

பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ரிவால்வர் கட்சி. அவர் சொன்ன காரணம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. "ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி விசையை இழு, அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா சிக்கினால் இரண்டு கையாலும் மேல்பகுதியை இழுத்துச் சரிசெய்ய வேண்டும். பயிற்சி உள்ளவனுக்கு அது ஒரு நொடி வேலை. வருஷத்துக்கு ஒரு முறை துடைத்து வைப்பவனுக்குக் கை நடுங்கும்." தோட்டா விலையும் லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கையும் சேர்ந்து, பழகிப் பார்க்கவும் விடாது. நம் ஊரில் சுட்டுப் பழக இடமும் இல்லை. பெரிய ஊர்களில் உள்ள ரைபிள் கிளப்பைத்தான் தேடிப் போக வேண்டும்.

மாந்தோப்பு வைத்திருந்த ஒருவர் இரண்டு கட்சியும் இல்லை. "வாங்கின பிறகு நான் அதற்குக் காவல் இருக்கிறேன், அது எனக்குக் காவல் இல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விஷயம் அதுதான். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிந்தபின் திரும்ப வாங்க வேண்டும். லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால், வசூலுக்குப் பெங்களூர் போகிறவர் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்ததும் அதே பிஸ்டல் குற்றமாகிவிடும். பணத்தோடு போகும் வழியில்தான் அவருக்குத் துணை தேவை. அங்கேதான் அதைக் கொண்டுபோக முடியாது.

2014-ல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்று நிர்பீக் என்ற ரிவால்வரைக் கொண்டு வந்தது. டெல்லியில் 2012-ல் நடந்த கொடுமைக்குப் பின் வைத்த பெயர். எடை சுமார் அரைக் கிலோ, அப்போதைய விலை 1,20,000 ரூபாய்க்கு மேல். ராத்திரி ஷிப்டு முடிந்து சிப்காட்டிலிருந்து பஸ்சுக்கு நிற்கும் பெண் எதைக் கொடுத்து அதை வாங்குவாள்? மலிவு என்ற சொல்லே இந்த வியாபாரத்தில் யாருக்கு மலிவு என்று கேட்க வைக்கிறது.

பிஸ்டலில் இன்னொரு ஆபத்து, ரிவால்வரில் அவ்வளவாக இல்லாதது. மேகசினைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்கிறார்கள். குழாய்க்குள் ஒரு தோட்டா நின்றிருக்கும். துடைக்கும்போது வெடித்தது என்று செய்தி வருவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த ஹவில்தார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வார். 2016 விதிகளில் பயிற்சியும் பத்திரமாகப் பூட்டி வைப்பதும் கட்டாயமாக்கப்பட்டன.

அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. காரியம் முடிந்து பதினைந்து நாள் கழித்து அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பீரோவைத் திறக்கவே பயம். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். "அண்ணா, இதை என்ன பண்ணுவது, என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?" என்று கேட்டார். லைசென்ஸ் கணவர் பெயரில் இருந்தது. அவரோடு அதுவும் முடிந்தது. தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ளவருக்கு விற்றுவிடலாம். பட்டாளத்தில் அவரோடு இருந்த நண்பர் ஒருவரை வரவழைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்க்கச் சொல்லி, மறுநாளே ஒப்படைத்தோம். ரசீதை அந்த அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

2019 திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸ் மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு செல்லும். நம் வயதுக்காரர்களுக்கு ஐந்து ஆண்டு நீண்ட காலம். பிஸ்டலா ரிவால்வரா என்று இனி நாம் வாதாடி ஒன்றும் ஆகப் போவதில்லை. வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் எங்கே, தோட்டா எத்தனை, சாவி யாரிடம், தமக்குப் பின் எங்கே ஒப்படைப்பது என்ற நான்கு விவரத்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.