சுங்கை பூலோ: ஒதுக்கப்பட்டோர் ஊரின் சரித்திரம்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டும் கடைவீதிகளைக் கொண்டும் அளப்பது உலக வழக்கம். அந்நகரம் தன் நோயாளரை எங்கே வைத்தது, எவ்வாறு வைத்தது என்று கேட்பார் மிகச் சிலரே. கோலாலம்பூரைப் பற்றி அக்கேள்வியைக் கேட்போமாயின், விடை தேடிச் சுங்கை பூலோவுக்குச் செல்லல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் டிராவர்ஸ் சாலை வழியே நாள்தோறும் போய்வரும் நம்மவருள் எத்தனை பேர், அப்பெயருக்கு உரியவர் யார் என்று எண்ணியிருப்பர்? அவரே சுங்கை பூலோக் குஷ்டரோகக் குடியிருப்புக்கு வித்திட்ட வைத்தியர்.

இந்நோயை முற்பிறப்பின் தீவினை என்றனர் நம் முன்னோர். தெய்வத்தின் தண்டனை என்றனர் பிற நாட்டார். இரண்டும் பொய்யென்று காட்டியவர் நார்வே தேசத்து வைத்தியர் ஆன்சன். நோய்க்குக் காரணமான கிருமியை அவர் 1873-இல் கண்டார். மக்களுள் மிகப் பெரும்பாலோரின் உடம்பு அக்கிருமியைத் தானே வெல்லும் ஆற்றலுடையது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அறிவு கண்ட உண்மை அச்சத்தை எளிதில் வென்றுவிடவில்லை.

கோலாலம்பூரின் நோயாளர் முதலில் செதாபாக்கில் இருந்த பழைய விடுதியில் அடைக்கப்பட்டிருந்தனர். அது வைத்தியசாலை என்பதினும் சிறை என்பதே பொருந்தும். டாக்டர் டிராவர்ஸ் சிலாங்கூரில் நெடுநாள் அரசாங்க வைத்தியராயிருந்தவர். உத்தியோகத்தை விட்ட பின்னரும் அவ்விடுதியாரை மறந்தாரில்லை. இவர்களுக்கு வேண்டுவது வேலியன்று, ஊர் என்பதே அவர் கொள்கை. நோயாளரைப் பிரித்துவைக்கும் சட்டம் 1926-இல் வந்தது. 1930-இல் சுங்கை பூலோப் பள்ளத்தாக்கில் புதிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

அஃது உண்மையில் ஓர் ஊரே. வரிசையாக நின்ற சிறு வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், மாதாகோயில் எல்லாம் அங்கே அமைந்தன. நோயாளரே தங்களுக்குள் ஆலோசனைச் சபை வைத்துக்கொண்டனர். நோயாளரே ஆசிரியராயும் தாதியராயும் பணி புரிந்தனர். காசின் வழியே நோய் வெளியே பரவுமென்று அஞ்சி, குடியிருப்புக்குள் மட்டும் செல்லத்தக்க தனி நோட்டுகள் 1936-இல் அச்சிடப்பட்டன. சீனர், மலாய்க்காரர், தமிழர் அனைவரும் அருகருகே வாழ்ந்தனர். வெளியே ஜாதியும் இனமும் பார்த்து விலகி நின்ற மக்கள், உள்ளே ஒருவர் புண்ணை ஒருவர் கழுவினர்.

நிற்க. இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையன்று. அவ்வூருக்குள் சென்றவர் விரும்பிச் சென்றாரல்லர்; சட்டம் கொண்டுசென்றது. தோட்டத்து லயத்திலிருந்து போனவரின் பெயரை வீட்டார் உரக்கச் சொல்லவும் கூசினர். அங்கே பிறந்த குழந்தைகள் பிறந்தவுடனே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன. பல குழந்தைகள் பிறருக்குத் தத்துக் கொடுக்கப்பட்டன. மகவைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்த தாய்க்கு, அழகிய தோட்டமும் சிறையன்றி வேறென்ன? ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, உணவும் மருந்தும் இன்றி மாண்டவர் பலர்.

இத்துணை துன்பத்துக்கிடையே உலகம் அவ்வூரிடம் பெற்ற கடன் ஒன்று உண்டு. தொடக்கத்தில் இருந்த மருந்து, நம் சித்த வைத்தியரும் அறிந்த நீரடிமுத்து இனத்து எண்ணெயே. அதை ஊசிவழி ஏற்றுவது பெருநோவு, பயனோ சிறிது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் டாப்ஸோன் என்னும் மருந்து வந்து பெருநம்பிக்கை தந்தது. ஆனால் கிருமி அம்மருந்துக்கும் பணியாமல் நிற்கக்கூடும் என்று 1964-இல் ஐயமற நிறுவப்பட்டது சுங்கை பூலோ நோயாளரிடமே. பெட்டிட், ரீஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அதனை எலியின் பாதத்தில் கிருமியை வளர்த்துக் காட்டினர். ரிபாம்பிசின் மருந்தின் ஆற்றலும் அங்கே ஆராயப்பட்டு 1970-இல் வெளியாயிற்று. ஒரே மருந்தை நம்பலாகாது, பல மருந்துகளைச் சேர்த்தே தரவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1981-இல் முடிவு செய்ததற்கு இவையெல்லாம் அடிப்படை. இன்று உலகெங்கும் நோய் நீங்கி வீடு திரும்புவோர், வீடு திரும்பாத இம்மக்களுக்குக் கடன்பட்டவர்.

1969-இல் நாடு தழுவிய தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. நோயாளரை ஒதுக்கிவைக்கும் முறை தளர்ந்தது. கதவு திறந்தது, எனினும் பலர் போகவில்லை. போவதற்கு வீடு எங்கே? அவர்கள் அங்கேயே பூச்செடிகளும் பழக்கன்றுகளும் வளர்த்துப் பிழைத்தனர். நகரத்தார் வீட்டு முற்றங்களை அலங்கரிக்கும் செடிகள் பல அந்தக் கைகள் நட்டவையே. நோய்க்கு இல்லமாய்த் தொடங்கியது, நாளடைவில் முதுமைக்கு இல்லமாயிற்று.

2007-இல் மருத்துவக் கல்லூரி அமைப்பதற்காகக் கிழக்குப் பகுதி வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சியதைக் காக்க அன்பர் பலர் முயன்றதன் பயனாக, 2019-இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் சேர்ந்தது. தத்துப்போன பிள்ளைகள் சிலர் நரைத்த தலையோடு வந்து பெற்றோர் பெயரைத் தேடினர். சிலருக்குக் கல்லறையே விடையாயிற்று.

கட்டடத்தைக் காப்பது அரசாங்கத்தின் கடமை. நினைவைக் காப்பது நம் கடமை. நம் குடும்பங்களில் பேசப்படாத பாட்டனோ, அத்தையோ, சின்னம்மாளோ இருப்பாராயின், அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அவர் செய்த பாவம் ஒன்றுமில்லை, நோயுற்றார், அவ்வளவே. நோயுற்றவரைக் கைவிட்ட நம் அறியாமையன்றோ நாணத்தக்கது!