சுங்கம் தவிர்த்த சோழன் முதல் திருப்பூர் வரை

தலைநகரின் தென்மேற்கே, நம் துவாரகாவின் 25ஆம் செக்டாரில், 2023 செப்டம்பர் 17ஆம் நாள் யசோபூமி என்னும் மாபெரும் கண்காட்சி வளாகம் திறந்துவைக்கப்பெற்றது. மறு ஆண்டு பிப்ரவரியில் பாரத் டெக்ஸ் என்னும் துணிநூற் கண்காட்சி, பிரகதி மைதானத்துப் பாரத் மண்டபத்திலும் இவ்வளாகத்திலுமாக நடந்தது. உலகச் சந்தையே நம் வாயிலுக்கு வந்ததெனலாம். ஆயின், பத்துத் தையற்பொறி மட்டுமே உடைய ஒரு சிறு தொழிலர் இச்சந்தையை எவ்வாறு எட்டுகிறார்? இவ்வினாவுக்கு விடை காணத் தமிழர்தம் வணிக வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதிப் பொதிகளின்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். அவன் காலத்தில், 1077ஆம் ஆண்டில், சோழநாட்டுத் தூதுக்குழு சீனம் சென்றது. 1088ஆம் ஆண்டில் ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் சுமத்திராவில் தமிழ்க் கல்வெட்டுப் பொறித்தனர். அரசு தடையை அகற்றுவதும், வணிகர் தம்முள் கூடி நிற்பதும் ஆகிய இரண்டும் இணைந்தபோதே கடல் வாணிகம் தழைத்தது என்பது இவற்றால் விளங்கும்.

இவ்வுண்மையை நம் காலத்தில் மெய்ப்பித்த ஊர் திருப்பூர். அது நொய்யலாற்றின் கரையில் உள்ளது. அதே ஆற்றின் கரையில்தான், பண்டு மணிக்கற்களை அறுத்துப் பட்டைதீட்டிய கொடுமணலும் இருந்தது. உள்நாட்டுக்குப் பனியன் நெய்துவந்த திருப்பூர், 1970களின் இறுதியில் இத்தாலிய வணிகரின் வருகையால் அயல்நாட்டுச் சந்தையை அறிந்தது. தொடக்கத்தில் மும்பை ஏற்றுமதியாளரே இடையில் நின்றனர். வாங்குபவர் யார், அவர் கொடுக்கும் விலை யாது என்பவற்றைத் தைத்தவர் அறியார். 1985இல் அவ்வூரின் நேரடி ஏற்றுமதி 20 கோடி ரூபாயைக்கூட எட்டவில்லை. 2024-25ஆம் நிதியாண்டில் ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்!

இவ்வளர்ச்சி எவ்வாறு வந்தது? சிறியவரிடம் திறமை குறைவன்று. செய்தியும் கடனும் துணிவுமே குறைவு. சரக்கு கப்பலேறுமுன் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் வங்கிகள் 'பேக்கிங் கிரெடிட்' வழங்கின. அயல்நாட்டார் பணம் தாராது போயின் இழப்பைத் தாங்க 1957இலேயே ஏற்றுமதி இடர்க்காப்பீட்டு நிறுவனம் தோன்றியது. இன்று அது இ.சி.ஜி.சி. எனப்படுகிறது. மூலப்பொருளின்மீது செலுத்திய தீர்வையைத் திருப்பித் தரும் 'டிராபேக்' முறை, குலோத்துங்கன் செயலின் இக்கால வடிவமே எனலாம். 1978இல் ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமும், 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் அமைந்தன. பின்னல், சாயம், தையல், காஜா-பட்டன் என ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு கூடங்கள் 'ஜாப் ஒர்க்'காகச் செய்தமையால், குறைந்த முதலுடையாரும் இத்தொழிலில் கால்பதிக்க முடிந்தது.

எனினும் உதவியெல்லாம் ஏழையைச் சேர்ந்துவிடவில்லை. 1974 முதல் 2004 வரை மேலைநாடுகள் ஆடை இறக்குமதிக்கு 'கோட்டா' வரம்பிட்டன. பழைய ஏற்றுமதியாளருக்கு அதில் முன்னுரிமை உண்டு. ஆதலின் புதியவர் பலர் பிறரிடம் கோட்டாவை விலைக்கு வாங்கியே ஆடை அனுப்ப நேர்ந்தது. உதவி செய்ய வந்த முறையே சிலருக்குச் சொத்தாகிவிட்டது.

இதனினும் கொடிது நொய்யலுக்கு நேர்ந்தது. பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர் நிலம் உப்பாயிற்று. அவர்கள் வழக்காடியதன் விளைவாக, 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு ஒரு துளியும் வெளியேறாத சுத்திகரிப்பு முறை அதன்பின்னரே வேரூன்றியது. அதன் செலவைத் தனியொரு பட்டறை தாங்குவது அரிது. பலர் கூடிப் பொது நிலையம் அமைத்தபோதே இயன்றது. வணிகத்தில் கற்ற ஒற்றுமை ஆற்றைக் காக்கவும் வேண்டியதாயிற்று. ஆனால் அது காலந்தாழ்ந்து வந்தது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரை தீர்வை விதித்தபோது, திருப்பூர் மீண்டும் நடுங்கியது. ஒரே சந்தையை நம்புதல் ஒரே தூணில் கூரையிடுதல் போன்றது. புதிய சந்தைகளைத் தேடவும், அவற்றின் தரவிதிகளைத் தமிழிலேயே சிறு தொழிலருக்கு விளக்கவும் வழிகாட்டுதலே இனிச் செய்யத்தக்க பேருதவி.

தலைநகரில் வாழும் நம்மிடையே வணிகர் உளர், கணக்காயர் உளர், அரசு அலுவலர் உளர். கொங்கு நாட்டிலிருந்தோ கரூரிலிருந்தோ யசோபூமிக்கு வரும் சிறு தொழிலர் ஒருவருக்கு மொழித்துணையாகவும் வழித்துணையாகவும் நிற்பது நம்மால் ஆகாததன்று. அயலூரில் தமிழ் பேசும் ஒரு குரல் கேட்டால் எத்துணைத் தெம்பு வரும் என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?