துண்டுக்கடி விலையிலிருந்து பதிவெண் வரை: கொங்கு நாட்டில் நிலத்தரகர் உரிமம் பெற்ற வரலாறு

கோவை வட்டாரத்தில் ஒரு கிரயப் பத்திரத்தைப் புரட்டினால் விற்றவர், வாங்கியவர், சாட்சிகள், பதிவு செய்த சார்பதிவாளர், பத்திரம் எழுதியவர் என எல்லோர் பெயரும் கிடைக்கும். எழுதியவரின் உரிம எண்கூட இருக்கும். அந்தக் கிரயம் நடக்கக் காரணமாக இருந்த தரகரின் பெயரை மட்டும் காண்பது அரிது. பதிவுச் சட்டம் 1908இல் வந்தது. ஆவண எழுத்தர்களுக்கான தமிழ்நாடு உரிம விதிகள் 1982இல் வந்தன. இரு தரப்பையும் பேசி முடித்து வைப்பவரைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. எழுத்துக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்ட அரசு, வாய்ப்பேச்சுக்குப் பொறுப்பாளி யார் என்று கேட்க இத்தனை காலம் ஆயிற்று. இந்தத் தாமதத்தின் விலையை வாங்கியவர்களே கொடுத்தார்கள் என்பது என் கருத்து.

ரயத்துவாரி முறையில் குடியானவர் பெயரில் பட்டா வந்த பிறகு நிலம் தனி மனிதர் விற்கவும் வாங்கவும் கூடிய சொத்தாயிற்று. ஆனால் பேரம் நடந்த விதம் பழையதுதான். வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. இரு தரப்பின் மனக்கணக்கும் தரகருக்குத் தெரியும். நிலத்தரகின் பலமும் அதே இடத்தில்தான் இருந்தது. தோட்டக்காரரிடம் ஒரு விலை, வாங்க வந்தவரிடம் ஒரு விலை சொல்லி, இடையில் நிற்பதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டம் பத்தாம் அத்தியாயத்தில் முகவரின் கடமைகளைத் தெளிவாகவே சொல்கிறது. தன்னை அமர்த்தியவர் கேட்டால் முகவர் கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவு 213). அமர்த்தியவருக்குத் தெரியாமல் தன் பொருட்டு வியாபாரம் செய்தால் அந்த லாபத்தை அமர்த்தியவர் கோரலாம் (பிரிவு 216). நேர்மையின்றி நடந்தால் அந்தப் பகுதிக்கான தரகை இழப்பார் (பிரிவு 220). இவற்றை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வேண்டுமென்றால் முதலில் அவர் முகவராக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டும். வாய்மொழியாகப் பேசி, தரகையும் ரொக்கமாகக் கொடுத்தவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

1888இல் ஸ்டேன்ஸ் ஆலை வந்தது; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகின. பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் வீட்டுமனைக்குத் தேவை கூடியது. ஆனாலும் பெரிய மாற்றம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குப் பிறகுதான். சரவணம்பட்டி, காளப்பட்டி வழியில் தோட்டங்கள் ‘சைட்’ ஆயின. “சென்ட் என்ன வெலைங்க?” என்பதே முதல் கேள்வியாயிற்று, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. தோட்டக்காரருக்குக் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, பவர் பத்திரம் எழுதி வாங்கி, சைட் பிரித்து விற்றவர் தரகரா வியாபாரியா என்றே பிரித்தறிய முடியாத நிலை வந்தது. பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உறுதிபடச் சொன்னது.

1971இன் நகர் ஊரமைப்புச் சட்டம் இருந்தும் அங்கீகாரமற்ற மனைகள் தடையின்றிப் பதிவாயின. 2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பதிவுகளைத் தடுத்தபோது பத்திர அலுவலகங்களில் மனைப் பத்திரங்கள் முடங்கின. 2016 அக்டோபர் 20ஐ எல்லையாகக் கொண்டு வரன்முறைத் திட்டம் 2017 மே மாதம் வந்தது. “அப்ரூவல் வந்துரும்ங்க” என்ற உறுதிமொழியை நம்பி வாங்கியவர் வரன்முறைக் கட்டணம் கட்டினார். உறுதிமொழி சொன்னவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மனைத் தரகர்களுக்கென்று ஹரியானா 2008இலேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. நாடு முழுவதற்குமான ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 மே 1இல் முழுமையாக அமலானது; தமிழ்நாட்டு விதிகள் 2017 ஜூனில் வந்தன. அந்தச் சட்டத்தின் பிரிவு 9இன்படி பதிவு செய்யாத முகவர், பதிவான திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்றுக்கொடுக்கக் கூடாது. பான் அட்டை, புகைப்படம், அலுவலக முகவரிச் சான்று, மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டு விதிகள் தனிநபருக்கு ரூ. 25,000, நிறுவனத்துக்கு ரூ. 50,000 என்று கட்டணம் விதித்தன. பதிவு ஐந்தாண்டு செல்லும்.

பதிவு பெறுவது எளிது, காப்பதுதான் வேலை. பதிவெண்ணை அலுவலகத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தைத் தொடக் கூடாது. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாக வாயால் சொன்னாலும் குற்றம் என்கிறது பிரிவு 10. துண்டுக்கடிப் பேச்சை நேரடியாகத் தொட்ட முதல் சட்ட வாசகம் இதுவென்றே கருதுகிறேன். மீறினால் நாளொன்றுக்கு ரூ. 10,000 அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை. 20 லட்ச ரூபாய் சைட்டுக்கு அந்த வரம்பு ஒரு லட்சம். பத்தே நாளில் எட்டிவிடும். நூற்றுக்கு இரண்டு என்று கிடைக்கும் தரகு ரூ. 40,000தான்.

அசையாச் சொத்துக்கு ரூ. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்க அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்தது. ஆண்டுக்கு 20 லட்சமோ அதற்கு மேலோ வரவுசெலவுள்ள முகவர்கள் 2020 டிசம்பரில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தார்கள். வாடிக்கையாளர் யாரென்று சரிபார்த்துப் பதிவேடு வைப்பது அவர்கள் கடமையாயிற்று.

ஆனால் கொங்கு நாட்டின் நிலவணிகத்தில் பெரும்பங்கு இன்னும் வெளியேதான் நிற்கிறது. பதிவான திட்டத்தில் அதைப் போடும் நிறுவனம் விற்கும் மனைக்கும் வீட்டுக்குமே பிரிவு 9 பொருந்தும். பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பு கைமாறினாலும், கணபதியில் ஒரு பழைய வீடு மறுவிற்பனையானாலும் இடையில் நிற்பவர் பதிவு செய்யத் தேவையில்லை. 500 சதுர மீட்டருக்கு மிகாத சிறு மனைப் பிரிவுகளுக்கும் திட்டப் பதிவு கட்டாயமில்லை. தரகு எவ்வளவு என்பதையும் சட்டம் வரையறுக்கவில்லை. ஒரே தரகர் காலையில் அங்கீகரிக்கப்பட்ட சைட்டைக் காட்டும்போது சட்டத்துக்குள்ளும், மாலையில் தோட்டத்தைக் காட்டும்போது சட்டத்துக்கு வெளியேயும் இருக்கிறார். ஆவண எழுத்தருக்கு எந்தப் பத்திரம் எழுதினாலும் ஒரே உரிமம் என்பதைப்போல, தரகருக்கும் எந்த நிலமானாலும் ஒரே பதிவு என்று சட்டமன்றம் விதிக்க வேண்டும். அதுவரை சைட் வாங்கப் போகிறவர்கள் திட்டத்தின் பதிவெண், முகவரின் பதிவெண் இரண்டையும் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.