வெற்றிடத்தைப் பங்கிடல் – கணனி வரலாற்றில் ஓர் அத்தியாயம்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் அவற்றை ஆக்கியோரின் பெயர்களையுமே முதன்மைப்படுத்துவர். ஆயின், பொறி மாறாதிருக்க, வட்டிலுள்ள இடத்தைப் பங்கிடும் முறை மாறியதனாலேயே பயன் பன்மடங்கு பெருகியமையும் வரலாறேயாகும். 1980களின் முற்பகுதியில் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் நிகழ்ந்த அம்மாற்றத்தை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறைமை, வட்டினை 512 பைட் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுத்தது. சுழலும் வட்டின்மேல் வாசிப்புத் தலை இடம்விட்டு இடம் நகர்வதிலேயே பெருங்காலம் கழியும். எனவே ஒரு கோப்பின் கட்டங்கள் அருகருகே அமைதல் வேண்டும். யுனிக்ஸோ வெற்றுக் கட்டங்களை ஒரு பட்டியலில் இட்டு, கேட்கும்போதெல்லாம் அதன் முன்னிருந்ததை எடுத்து வழங்கியது. கோப்புகள் ஆக்கப்படவும் அழிக்கப்படவும் பட்டியலின் ஒழுங்கு குலைந்தது. ஒரே கோப்பின் பகுதிகள் வட்டெங்கும் சிதறின.

கட்டத்தை 1024 பைட்டாக்கியதும் வேகம் இரட்டிப்புக்கும் மேலாயிற்று. எனினும், தொடக்கத்தில் செக்கனுக்கு 175 கிலோபைட் வரை வழங்கிய முறைமை, சில வாரங்களில் 30 கிலோபைட்டுக்குத் தாழ்ந்தது. தேய்ந்தது வட்டன்று, அதன் ஒழுங்கே. அனைத்தையும் வெளியே பிரதிசெய்து, மீள அமைத்து, திரும்ப இடுவதைத் தவிர வேறு பரிகாரம் இருக்கவில்லை.

மார்ஷல் கேர்க் மக்குசிக், வில்லியம் ஜோய், சாமுவேல் லெவ்லர், றொபேட் பாப்ரி ஆகிய நால்வரும் வகுத்த புதிய முறைமை 1983இல் பேர்க்லி யுனிக்ஸின் 4.2ஆம் பதிப்புடன் வெளிவந்தது. வட்டு, அடுத்தடுத்த தடங்கள் கொண்ட குழுக்களாகப் பிரிக்கப்பட்டது. கட்டம் குறைந்தது 4096 பைட்டாயிற்று. சிறு கோப்புகளால் அதில் ஏறத்தாழ 45 சதவீத இடம் வீணாகும் என அளந்தறிந்த அவர்கள், கட்டத்தைத் துண்டுகளாகவும் வழங்க வழிசெய்தனர். ஒரே அடைவின் கோப்புகள் ஒரே குழுவில் வைக்கப்பட்டன. புதிய அடைவுகளோ வேறு குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. பெருங்கோப்பு ஒன்று 48 கிலோபைட்டைத் தாண்டியதும் அதன் எஞ்சிய பகுதி வேறொரு குழுவுக்குத் திருப்பப்பட்டது. சேர்த்துவைத்தலும் பரப்பிவைத்தலும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தின.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது ஒதுக்கீட்டு விதியாகும். வட்டின் 10 சதவீதம் வழமையாக வெறுமையாகவே விடப்பட்டது. அவ்வெல்லையைக் கடந்து எழுதும் உரிமை முறைமை நிருவாகிக்கு மட்டுமே இருந்தது. வட்டின் விலை மிகுந்திருந்த அக்காலத்தில் இது வீண்விரயமெனத் தோன்றலாம். ஆனால் ஒதுக்கிடம் முற்றாக அற்றுப்போகும்போது வேகம் பாதியளவாகக் குறைந்தது. தெரிவு செய்வதற்கு இடமில்லாதவிடத்து, சிறந்த பங்கீட்டு விதியும் பயனற்றதாகும். வெற்றிடம் எஞ்சிய பொருளன்று. ஒழுங்கின் முதலீடு என்பதே இதன் பொருள். புதிய முறைமை பழையதினும் பத்து மடங்கு வரை விரைவாக இயங்கியது.

இக்கருத்து பேர்க்லியுடன் நின்றுவிடவில்லை. 1993இல் லினக்ஸுக்காக ஆக்கப்பட்ட இரண்டாம் விரிவாக்கக் கோப்பு முறைமையும் குழுப் பிரிப்பையும் ஒதுக்கிடத்தையும் கைக்கொண்டது. இன்றைய திண்மநிலை வட்டுகளில் நகரும் தலை இல்லை. ஆகவே அண்மை என்ற பழைய நியாயம் பெரிதும் வலுவிழந்துவிட்டது. எனினும், அவையும் தம்முள் ஒதுக்கிடம் வைத்தே இயங்குகின்றன. காரணம் மாறியும் விதி நிலைத்தது. பொறியை மட்டும் நோக்கும் வரலாறு இத்தொடர்ச்சியைக் காணத் தவறிவிடும் எனலாம்.